செட்டிநாடு வரும் விருந்தினர்களுக்கு எதில் மனசு நிறைகிறது?

கேள்வி: வளவுவீடு, கானாடுகாத்தான்

வணக்கம். எங்க ஐயா கட்டுன வீட்டோட முன்கட்டு அறைகளைப் போன தையிலேர்ந்து தங்குறதுக்கு விடுறோம். பங்காளிங்க எல்லாரும் கூடி ஒத்துக்கிட்டதே பெரிய காரியம். படுக்கை, குளியலறை, ஏசி எதுலயும் குறை வைக்கலை. பர்மா தேக்குத் தூணையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவரையும் தடவிப் பார்த்து அசந்து போறாங்க. ஆனா கிளம்புறப்போ பல பேர் முகத்துல நிறைவு இல்லை. "வீடு அழகு, ஊர்ல பார்க்க ஒண்ணும் இல்லை"ன்னு கூகுள்ல எழுதிட்டுப் போறாங்க. சிலர் மட்டும் கிளம்ப மனசில்லாம முகப்புலயே உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு தரப்புக்கும் நாங்க குடுத்தது ஒண்ணுதான். வித்தியாசம் எங்கே இருக்கு?

பதில்: ஸ்டேஷன்டாக்ஸி, காரைக்குடி

அண்ணே, இவங்களை ஏத்தி இறக்குறதுதான் என் பொழப்பு. ராத்திரி பல்லவன் ரயில்ல இறங்குறவங்க காலையில வண்டியில ஏறுனதும் போனை நீட்டுவாங்க. அதுல ஒரு பட்டியல் இருக்கும்: அரண்மனை, ஆயிரம் ஜன்னல் வீடு, பேர் தெரியாத நாலஞ்சு வீடு, திருமயம் கோட்டை, பிள்ளையார்பட்டி. எல்லாம் ஒரே நாள்ல. தெருவுல நடந்தா ஒவ்வொரு வீடும் திறந்திருக்கும்னு நினைச்சு வர்றாங்க.

நம்ம ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியாததா? பாதி வீட்டுக்காரங்க சென்னையிலயும் மலேசியாவுலயும் இருக்காங்க. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்புன்னா திறக்கும், இல்லேன்னா பூட்டுதான். அரண்மனைக்குள்ளயும் நினைச்ச நேரத்துக்கு விட மாட்டாங்க. மத்தியானம் கோயில் நடை சாத்திருவாங்க. இதையெல்லாம் ஒவ்வொரு வாசலா போய் நின்னு தெரிஞ்சுக்கிட்டா, மூணாவது பூட்டைப் பார்க்கிறப்பவே முகம் சுண்டிப் போகும். அதுக்கப்புறம் எதைக் காட்டினாலும் ஏறாது. நான் பெட்டியை டிக்கியில வைக்கிறப்பவே சொல்லிருவேன்: "உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரி ரெண்டு வீடு, ஆற அமரப் பார்க்கலாம். மத்ததை வெளியே நின்னு பார்ப்போம்." ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டதில்லை. அந்த ரெண்டு வீட்டுலயும் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சாவி பத்தி, கதவுல செதுக்கியிருக்கிற லட்சுமி பத்தி அவங்களே கேட்க ஆரம்பிச்சிருவாங்க.

நேரமும் முக்கியம். சித்திரை வெயில்ல மத்தியானம் செருப்பைக் கழட்டிட்டு வளவுல, அந்தத் திறந்த முற்றத்துல, காலை வச்சா யாருக்கு ரசனை வரும்? காலையில ஏழு மணிக்குத் தெருவைச் சுத்திட்டு, வெயில் ஏறினதும் உங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்து படுக்க விட்டிரணும்.

நான் பார்த்ததுல அதிகமா சந்தோஷப்படுற இடம் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல அச்சை வச்சு, கரண்டியால கலர் சிமெண்டை ஊத்துவாங்க. அச்சை எடுத்தா பூ அப்படியே நிக்கும். மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காயவச்சு, தண்ணித் தொட்டியில ஊறப் போடுவாங்க. ஊறின கல்லுலேர்ந்து கண்ணாடி கழண்டு வர்றப்போ அடியில அந்தப் பளபளப்பு தெரியும் பாருங்க, பெரிய மனுஷங்களே கை தட்டுவாங்க. ஒரு தடவை ஒரு பாப்பா கரண்டியை வாங்கி ஊதா கலரைக் கோடு தாண்டி ஊத்திருச்சு. பட்டறைக்காரர் திட்டாம "இது உன் கல்லு"ன்னு தனியா எடுத்து வச்சார். அந்தக் குடும்பம் இன்னிக்கும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புது.

இன்னொண்ணு மனசுல வச்சுக்குங்க அண்ணே. முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகளுக்குக் கமிஷன் பேசிக்கிட்டு இறக்கிவிடுற வண்டிக்காரங்க இருக்காங்க. ஏமாத்திட்டாங்கன்னு ஒரு தடவை தோணிட்டா, உங்க வீட்டுச் சாப்பாடும் சேர்ந்து கசந்துரும். யார் வண்டியில அனுப்புறீங்கன்னு பாருங்க.

பதில்: சுற்றுலா ஆசிரியர், மதுரை

வருகிறவர் மனதில் இருக்கும் பட்டியல், ஒரு ஏமாற்றம் மற்றதையும் கசக்க வைப்பது என்று டாக்ஸிக்காரத் தம்பி சொன்ன ரெண்டுமே நான் வகுப்பில் நடத்துவது. எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் ஒப்பிட்டுத்தான் திருப்தி பிறக்கிறது என்று வாடிக்கையாளர் திருப்தியை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆலிவர் 1980-ல் எழுதினார். அதற்கு முன்பே, 1978-ல், பிஸாம் என்பவரும் சகாக்களும் அமெரிக்காவின் கேப் காட் பகுதிக்கு வந்த பயணிகளை ஆராய்ந்தார்கள். கடற்கரை, செலவு, உபசரிப்பு, சாப்பாடு, தங்குமிடம் என்று திருப்தியைப் பல கூறுகளாகப் பிரித்தார்கள். ஒரு கூறில் ஏற்படும் மனக்குறை மொத்தப் பயணத்தின் மீதும் படியும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே உங்கள் இணையப் பக்கத்தில் இருக்கும் படங்களை மாற்றுங்கள். கல்யாண நாளில் எடுத்த படத்தைப் போட்டால், வருகிறவர் கல்யாண வீட்டைத் தேடுவார்.

பதில்: கோட்டையூர் ஆச்சி

தம்பி, நான் விருந்தாளி வீடுகளுக்குச் சமைக்கப் போறவ. செட்டிநாடுன்னா காரம்னு யாரோ சொல்லி அனுப்பிடுறாங்க. வடக்கேர்ந்து வந்தவங்க பயந்துக்கிட்டே இலையில உட்காருவாங்க. முதல்ல கேட்டுக்குங்க, மிளகாயைக் குறைச்சுக்கலாம், கல்பாசியும் சோம்பும் வாசத்தைக் குடுத்துரும். இலை கொள்ளாம இருபது வகை வைக்காதீங்க, திணறிப் போறாங்க.

சாயங்காலம் வீட்டு ரெண்டாங்கட்டு முற்றத்துல அடுப்பை வச்சு வெள்ளைப் பணியாரம் ஊத்துங்க, அவங்களும் பக்கத்துல நிக்கட்டும். ஆழாக்கு நிறையப் பச்சரிசி, அதுக்கு மேலே கோபுரமா நிக்கிற அளவு உளுந்து. வெண்ணெயா ஆட்டி, புளிக்க விடாம ஊத்தணும். எண்ணெய்க்குள்ள போன மாவு தானா மேலே வந்து உப்புறதைப் பார்த்துட்டு, நானும் ஊத்துறேன்னு கரண்டியைக் கேட்பாங்க. குடுங்க. கோணலா வந்தாலும் அதைத்தான் முதல்ல எடுத்து வரமிளகாய்த் துவையல்ல தொட்டுச் சாப்பிடுவாங்க.

பதில்: வளவுவீடு, கானாடுகாத்தான்

எல்லாருக்கும் நன்றி. யோசிச்சுப் பார்த்தா, கிளம்ப மனசில்லாம இருந்தவங்க எல்லாம் எங்க அப்பத்தாகிட்ட உட்கார்ந்து பேசினவங்க, அடுப்படிக்குள்ள வந்தவங்க. படங்களை இந்த வாரமே மாத்துறேன். எந்த வீடு திறந்திருக்கும், எது பூட்டியிருக்கும்னு முன்பதிவு பண்றப்பவே எழுதி அனுப்புறேன். ஆச்சி, வர்ற சனிக்கிழமை புனேயிலேர்ந்து ஒரு குடும்பம் வருது, பணியாரத்துக்கு வர முடியுமா? தம்பி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு உங்க வண்டி வேணும், ஆத்தங்குடிப் பட்டறையில அன்னிக்கு வேலை நடக்குமான்னும் கேட்டுச் சொல்லுங்க.