வீடு கைக்கு வரவில்லை, வட்டி மட்டும் மாதம் தவறாமல் போகிறது: இந்தக் காத்திருப்பை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: மடிப்பாக்கம்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாவலூரை ஒட்டிய ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். 2024 ஜூனில் வீட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள ஆறு மாதச் சலுகைக் காலத்தையும் சேர்த்தால் 2024 டிசம்பர். அதுவும் முடிந்து பதினைந்து மாதங்கள் ஆகிவிட்டன. கைப்பணம் 12 லட்சமும் வங்கி விடுவித்த 48 லட்சமுமாக இதுவரை 60 லட்சம் கட்டியிருக்கிறோம்.

முதல் தொகை 2022 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டபோது வட்டி 6.8 விழுக்காடு. அந்த ஆண்டு மே மாதம் தொடங்கி ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 வரை ஏற்றியதில் எங்கள் வட்டி 9.3-க்குப் போய், இப்போதுதான் 8.05-க்கு இறங்கியிருக்கிறது. இன்று வட்டியாக மட்டும் மாதம் 32,200 ரூபாய் கட்டுகிறோம், வாடகை 18,000. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். லிஃப்ட் இன்னும் பொருத்தப்படவில்லை என்பதால் ஏழு மாடி ஏறினோம். கூடத்தில் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் யாரோ அடுக்கி வைத்த சிமெண்ட் மூட்டைகள் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. சமையல் மேடையில் தொட்டி பதிக்க விட்ட பள்ளத்தில் புறா ஒன்று கூடு கட்டியிருக்கிறது. எங்களுக்கு முன்பாக அது குடிபுகுந்துவிட்டது என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைக் காரணம் சொன்னார்கள். அடுத்து ஆள் பற்றாக்குறை என்றார்கள், அதன்பின் டிரான்ஸ்ஃபார்மர் வரவில்லை என்றார்கள், இப்போது தீயணைப்புத் துறையின் சான்று வரவேண்டும் என்கிறார்கள். ஆடி கழியட்டும், ஐப்பசி ஆகட்டும், தை பிறக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, எழுத்தில் ஒரு தேதியும் தருவதில்லை. வழக்கு என்று போனால் வேலை அடியோடு நின்றுவிடுமோ என்று மனைவி அஞ்சுகிறார். பணத்தைத் திரும்பக் கேட்பதா, பொறுத்திருப்பதா? பொறுத்திருப்பதென்றால் குடும்பம் நிம்மதி இழக்காமல் இருப்பது எப்படி? இதைக் கடந்து வந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: போரூர்க்காரர்

ஐயா, நானும் இருபத்தேழு மாதங்கள் இப்படிக் காத்திருந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். திரும்பக் கேட்பதா, பொறுத்திருப்பதா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பொறுத்திருப்பதாலேயே உரிமை கைவிட்டுப் போய்விடுவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ரெரா எனப்படும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத் தேதியில் வீடு வராவிட்டால் விலகிக்கொண்டு கட்டிய பணத்தை வட்டியோடு பெறலாம். விலக விருப்பமில்லையென்றால், சாவி கைக்கு வரும்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். முதல் வழி பலருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டாவது வழியைக் கேட்டவர்கள் எங்கள் வளாகத்தில் பத்துப் பேர்கூட இல்லை.

தமிழ்நாட்டு விதிகளின்படி அந்த வட்டி, பாரத ஸ்டேட் வங்கியின் உச்ச எம்.சி.எல்.ஆர். (கடன்களுக்கு வங்கி வைக்கும் அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 விழுக்காடு சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. கணக்குக்காக 10.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், உங்கள் 60 லட்சத்துக்கு மாதம் 52,500 ரூபாய் ஆகிறது. நீங்கள் கட்டும் வட்டியும் வாடகையும் சேர்ந்த 50,200-ஐவிட இது அதிகம். மாதாமாதம் கையில் வந்து விழும் என்று எண்ணிவிட வேண்டாம். ரெரா சட்டத்தின்கீழ் இயங்கும் ஆணையத்திடமிருந்து எனக்கு உத்தரவு வந்த பிறகு, நான் கொடுக்கவேண்டியிருந்த கடைசித் தவணையில் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள், அதுவும் இரண்டு முறை அலைந்த பின்பே. உத்தரவை மதிக்காத நிறுவனத்திடமிருந்து நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க 40-ஆவது பிரிவு வழி செய்கிறது என்றாலும், அது வருவாய்த் துறை வழியாக நடக்கவேண்டிய வேலை. விரைவை எதிர்பார்க்க முடியாது. ஆனால் நிறுவனம் மேல்முறையீடு செய்யவேண்டுமென்றால் நமக்குத் தரவேண்டிய முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டியாக வேண்டும் என்ற விதி இருப்பதால், பேச்சுவார்த்தைக்கு அவர்கள் இறங்கி வருகிறார்கள்.

அவர்கள் சொல்லும் காரணங்களைப் பற்றி ஒரு சொல். புயலும் வெள்ளமும் சட்டமே ஏற்றுக்கொண்ட காரணங்கள்தான். அதற்காகச் சில வாரங்களோ சில மாதங்களோ கேட்டால் ஞாயம் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையும் டிரான்ஸ்ஃபார்மரும் அந்தப் பட்டியலில் இல்லை. திட்டப் பதிவின் காலத்தை ஆணையம் நீட்டித்துக் கொடுத்திருந்தாலும், உங்கள் ஒப்பந்தத்தில் எழுதிய தேதி தானாக மாறிவிடாது. மேலும், பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது என்று உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தெளிவாகக் கூறியிருக்கிறது.

வழக்குப் போட்டால் வேலை நின்றுவிடும் என்று எங்களிடமும் பயம் காட்டினார்கள். நின்றுவிடவில்லை. நூற்றுக்கணக்கானோரின் கடைசித் தவணைப் பணம் உள்ளே வராமல் கிடக்கும்போது, கட்டி முடிப்பதில் அவர்களுக்கும் ஆதாயம் இருக்கிறதல்லவா?

பதில்: ஓய்வுபெற்ற வங்கியாளர்

போரூர் நண்பர் கூறியவற்றோடு, வங்கியின் பக்கத்திலிருந்து இரண்டொன்று சேர்க்கிறேன்.

வங்கியில் மீதமுள்ள தொகையை நிறுவனம் கேட்டவுடன் விடுவிக்கச் சம்மதம் தராதீர்கள். கட்டுமான நிலைக்கேற்ற தொகை மட்டுமே போகவேண்டும். வங்கியின் பொறியாளரை அனுப்பி ஒருமுறை நேரில் பார்க்கும்படி கிளைக்கு எழுத்தில் கேளுங்கள். அவர் தரும் அறிக்கை பின்னாளில் உங்களுக்குச் சாட்சியாகவும் நிற்கும். அதேபோல, ஆத்திரத்தில் வட்டி கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். பில்டருக்கும் உங்களுக்கும் உள்ள சண்டை வங்கிக்குச் சம்பந்தமற்றது. கெடுவது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்தான். கையில் சிறிது பணம் மிஞ்சும் மாதங்களில், அது ஐயாயிரமாக இருந்தாலும், அசலில் கட்டிவையுங்கள். கடன் சுருங்குவதைக் கண்ணால் பார்ப்பது மனத்துக்கும் நல்லது.

யாரும் சொல்லாத ஒன்று வருமான வரி. நீங்கள் பழைய வரிமுறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. ஆனால், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வீடு கட்டி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். தவறினால் கழிவு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். உங்கள் கடன் 2021-22 நிதியாண்டைச் சேர்ந்தது. ஆகவே உங்களுக்கு எல்லை 2027 மார்ச் 31. இந்தத் தேதியைக் குறிப்பிட்டு, அதைத் தாண்டினால் ஏற்படும் இழப்புக்கும் நிறுவனமே பொறுப்பு என்று இப்போதே கடிதம் கொடுத்து வையுங்கள். புதிய வரிமுறைக்கு மாறியிருந்தால் இந்தக் கவலை இல்லை.

பதில்: விலகியவன்

மாற்றுக் கருத்து ஒன்றும் இருக்கட்டுமே என்று எழுதுகிறேன். நான் விலகினேன். வட்டியோடு திரும்பத் தருமாறு உத்தரவு கிடைத்தது. பணம் மூன்று பகுதிகளாக, பதினான்கு மாதங்களில் வந்து சேர்ந்தது. அதற்குள் அதே பகுதியில் விலை ஏறிவிட்டதால், வட்டியோடு வந்த தொகைக்கு அதே அளவு வீடு கிடைக்கவில்லை. கூடுவாஞ்சேரிக்குத் தள்ளிப் போய்ச் சிறியதாக ஒன்று வாங்கினேன். ஆனாலும் வருந்தவில்லை. எங்கள் திட்டத்தில் நான்காவது மாடியோடு வேலை நின்றிருந்தது. பாதிக் கட்டடத்தில் கம்பிகள் துருவேறி நின்றன. உங்கள் நிலை வேறு. டைல்ஸ் வரை வந்துவிட்ட வீட்டை விட்டு விலகுவதற்கு முன் பலமுறை யோசியுங்கள் என்பதே என் கருத்து. ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை பதிவேற்றவேண்டிய முன்னேற்ற விவரம் இருக்கும். அதையும் நீங்கள் நேரில் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அது நகரும் திட்டமா, நின்றுபோன திட்டமா என்பது விளங்கிவிடும்.

பதில்: சேலையூர் அம்மா

சட்டத்தை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். குடும்ப நிம்மதியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லையே என்று இதை எழுதுகிறேன், தம்பி.

எங்களுக்கு இரண்டரை ஆண்டு தாமதம். அந்தக் காலம் முழுவதும், அடுத்த மாதம் போய்விடப் போகிறோம் என்றே வாழ்ந்தோம். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவில்லை, திரைச்சீலை மாட்டவில்லை, ஃபேன் சத்தம் போட்டதைக்கூடச் சரிசெய்யவில்லை. பாத்திரங்கள் பாதிக்கு மேல் அட்டைப்பெட்டியில் கிடந்தன. பள்ளி மாற்றவேண்டியிருக்குமே என்று பையனை நீச்சல் வகுப்பில்கூடச் சேர்க்கவில்லை. தாமதத்தைவிட அதுதான் எங்களை அதிகம் வாட்டியது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நாள் என் மாமியார், "வராத வீட்டுக்காக இருக்கிற வீட்டைப் பட்டினி போடாதே" என்று சொல்லிவிட்டு, தாமே உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தார். அடுத்த நாள் எலெக்ட்ரீஷியனை அழைத்தோம்.

இன்னொன்றும் செய்தோம். பில்டரின் அலுவலகத்துக்குத் தினமும் போன் செய்வதை நிறுத்திவிட்டு, மாதத்தின் முதல் சனிக்கிழமையை மட்டும் அதற்கென்று ஒதுக்கினோம். அன்று நேரில் போவது, படம் எடுப்பது, மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் முடிந்துவிடும். மற்ற நாள்களில் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். உறவினர்கள் கிரகப்பிரவேசம் எப்போது என்று கேட்டால், பத்திரிகை வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். வாடகை வீட்டுக்காரரிடமும் உள்ளதைச் சொல்லி, பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே, ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டோம்.

கடைசி நேரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பணி நிறைவுச் சான்றிதழ் வருவதற்கு முன்பே, உள்வேலைக்காக என்று சொல்லிச் சாவியை நீட்டுவார்கள். தாமதம் தொடர்பாக எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். காத்திருந்த களைப்பில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்துவிட்டு, நிரந்தர மின் இணைப்பு இல்லாமல் ஐந்து மாதம் தற்காலிக இணைப்பில் அவதிப்பட்டார்.

கேட்டவரின் மறுமொழி: மடிப்பாக்கம்வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விலகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். எங்கள் வளாகத்தில் வாங்கியவர்களில் பதினெட்டுப் பேர் சேர்ந்து, தாமத வட்டி கேட்டும் எழுத்தில் ஒப்படைப்புத் தேதி கேட்டும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறோம். முப்பது நாள்களுக்குள் பதில் வராவிட்டால் ஆணையத்தில் மனு. 2027 மார்ச் 31 என்ற தேதியை நாங்கள் யாருமே அறிந்திருக்கவில்லை. கடிதத்தின் இரண்டாவது பத்தியே அதுதான். பொறியாளரை அனுப்பும்படி வங்கியிலும் எழுதிக் கொடுத்தாயிற்று.

சேலையூர் அம்மாவின் பதிலை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அன்று மாலையே, புது வீட்டுக்கென்று 2023 தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த கிரைண்டரைப் பிரித்தோம். அதன் இரண்டாண்டு உத்தரவாதம் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன என்பது அப்போதுதான் தெரிந்தது, நல்லவேளையாக ஓடுகிறது. கடிதத்துக்குப் பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.