இறந்தவர் கட்டாத அபராதம்: பங்கு வீட்டை ஜப்தி செய்ய முடியுமா?

கேள்வி (கானாடுகாத்தான்)

எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 2023-இல் ஒரு குற்ற வழக்கில் 40,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. முதல் தவணையாக 10,000 ரூபாய் கட்டியவர்கள், படுக்கையில் விழுந்து காலமாகிவிட்டார்கள். மீதிக்காக வருவாய்த் துறையிலிருந்து வந்த ஒருவர், வீட்டின் வளவையும் (முற்றப் பகுதி) அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டாவிட்டால் மகனைத்தான் உள்ளே வைப்பார்கள்" என்று சொல்லிப் போனார். வீடு ஏழு புள்ளிகளுக்கு, அதாவது ஏழு பங்காளிக் குடும்பங்களுக்கு, பொது. பாத்திரங்கள் முழுவதும் ஆத்தாவின் சீர். இவற்றை ஜப்தி செய்ய முடியுமா?

பதில் 1 (காரைக்குடி, வழக்கறிஞர்)

வந்தவர் சொன்னதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆட்சியருக்கு அனுப்பப்படும் வாரண்டின் பேரில், அபராதத்தை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாமே தவிர, குற்றவாளியையே கைது செய்யக் கூடாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 421-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 461-ஆம் பிரிவும் கூறும்போது, மகனை எப்படிப் பிடிப்பார்கள்?

ஆனால் பாக்கி தீர்ந்துவிட்டதென்று இருந்துவிடாதீர்கள். தண்டனை விதித்த நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் அபராதத்தை வசூலிக்கலாம் என்றும், குற்றவாளி இறந்தாலும் அவருடைய கடன்களுக்குப் பொறுப்பாகும் சொத்து விடுபடாது என்றும் பழைய தண்டனைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 8-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆகவே வீட்டில் அப்பச்சிக்கு இருந்த பங்குக்கு மட்டுமே ஆபத்து. மற்றப் பங்காளிகளின் பங்கைத் தொட முடியாது.

பதில் 2 (தேவகோட்டை)

அப்பச்சி சிறைக்குப் போனார்களா என்பதையும் சொல்லுங்கள். அபராதம் கட்டாததற்கான சிறைவாசம் முழுவதையும் ஒருவர் அனுபவித்துவிட்டால், சிறப்புக் காரணங்களை எழுத்தில் பதிவு செய்யாமல் நீதிமன்றம் வசூல் வாரண்டு பிறப்பிக்க முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டிருந்தால் மட்டும் இந்தத் தடை இல்லை. சீர்ப் பாத்திரங்களைப் பொறுத்தவரை, ஜப்தி நடந்தால் ஆத்தா உரிமைகோரி மனுப் போடலாம். சாமான்களில் பெயரெழுத்து வெட்டியிருக்குமே, அதைப் படமெடுத்துக் கல்யாணச் சாமான் சிட்டையோடு வையுங்கள். எனக்கென்னவோ, 30,000 ரூபாய்க்காகப் பங்காளிகள் எல்லோரையும் தாலுகா அலுவலகத்துக்கு இழுப்பதைவிட, அதை நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்குவதே மேல்.

கேட்டவர்

சிறைக்குப் போகவில்லை, இழப்பீட்டு உத்தரவும் இல்லை. தவலையைக் கவிழ்த்துப் பார்த்தேன். விளிம்பில் ஆத்தாவின் பெயரெழுத்து தேயாமல் இருக்கிறது. தீர்ப்பு நகலுக்குத் திங்கட்கிழமை விண்ணப்பிக்கிறேன், பணத்தையும் புரட்டுகிறேன்.