கிளாஸ்ஃபிஷ் 4.1-ஐ விட்டு மாற வேண்டும்: வைல்ட்ஃபிளையா, பயாராவா, லிபர்ட்டியா?

பில்கவுண்டர்:
வணக்கம். கிடங்கு இருப்பும் பில்லும் பார்க்கும் பயன்பாடு ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஜேஎஸ்எஃப் திரைகள், வேலை விதிகளுக்கு இஜேபி, டேட்டாபேஸோடு பேச ஜேபிஏ, மெசேஜ் வரிசைக்குக் கொஞ்சம் ஜேஎம்எஸ், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஓடுவது ஜாவா 8, கிளாஸ்ஃபிஷ் 4.1 என்ற ஜாவா பயன்பாட்டு சர்வர். வாடிக்கையாளரின் பாதுகாப்புத் தணிக்கையில் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். உரிமக் கட்டணத்துக்கு வழியில்லை, திறமூலம்தான்.

ஜாவா 17-இல் வைல்ட்ஃபிளை 30-ஐ நிறுவி, ஸ்கேனர் கருவிகளுக்கான சின்ன ரெஸ்ட் வாரை (சர்வரில் போடும் பயன்பாட்டுக் கோப்பு) மட்டும் முதலில் போட்டுப் பார்த்தேன். டிப்ளாய் ஆகிவிட்டது, லாகில் ஒரு எர்ரரும் இல்லை. ஆனால் எந்த ரெஸ்ட் முகவரியைத் தட்டினாலும் 404. அதே வாரில் இருக்கும் உதவிப் பக்கம் மட்டும் ஒழுங்காகத் திறக்கிறது. வைல்ட்ஃபிளை சரிப்படாதா? வேறு எதற்குப் போகலாம்?

நள்ளிரவு டிப்ளாய்:
சர்வர் மேல் குற்றமில்லை. ஜேஎஸ்எஃப், இஜேபி எல்லாம் அடங்கிய ஜாவா இஇ தரம் 2017-இல் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. ஜாவாக்ஸ் என்ற பெயரைத் தொடர்ந்து வளர்க்க உரிமை கிடைக்காததால், 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் பேக்கேஜ் பெயர்கள் எல்லாம் ஜகார்த்தா என்று மாறின. வைல்ட்ஃபிளை 27-இலிருந்து புதிய பெயர் மட்டும்தான். உங்கள் கிளாஸ்களின் மேல் இருப்பது பழைய ஜாவாக்ஸ் குறிப்புகள் (அனோட்டேஷன்). சர்வருக்கு அவை கண்ணிலேயே படாது, அதனால் எர்ரரும் வராது. அசையாத பக்கத்துக்குக் குறிப்பு எதுவும் தேவையில்லை, அது திறக்கிறது.

பெயர்களை ஜகார்த்தாவுக்கு மாற்றித் தரும் எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கருவியில் வாரைக் கொடுத்து எடுத்துப் பாருங்கள். எடிட்டரில் ஒரே அடியாக ஜாவாக்ஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். ஜாவாக்ஸ் எஸ்கியூஎல், நேமிங், கிரிப்டோ எல்லாம் ஜாவாவின் சொந்தச் சரக்கு, பழைய பெயரிலேயே இருக்கின்றன. டிரான்ஸாக்ஷனில்கூட எக்ஸ்ஏ உள்பேக்கேஜ் மட்டும் மாறவில்லை. அப்புறம், ஜேபிஏ அமைப்புக் கோப்பான பெர்சிஸ்டன்ஸ் எக்ஸ்எம்எல்லில் பிராப்பர்ட்டி பெயர்களுக்குள்ளும் ஜாவாக்ஸ் ஒளிந்திருக்கும். அதைக் கம்பைலர் சொல்லாது.

தேன்சிட்டு:
இவ்வளவு சுற்றுவானேன்? பயாராவுக்குப் போங்கள். ஆரக்கிள் 2013-இல் கிளாஸ்ஃபிஷுக்கான வணிக ஆதரவை நிறுத்துவதாகச் சொன்ன பிறகு, அதே கோடிலிருந்து பிரிந்து வந்ததுதான். கன்சோலுக்கு அதே 4848 போர்ட், நிர்வாகத்துக்கு அதே ஏஎஸ்அட்மின் கட்டளைகள். டீமில் யாருக்கும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நள்ளிரவு டிப்ளாய்:
பழக்கத்துக்கு அது சரிதான். ஆனால் ஜாவாக்ஸ் ஓடுவது பயாரா 5-இல். பயாரா 6 ஜகார்த்தா. இலவசப் பதிப்பில் 5-க்கு இனி திருத்தம் வராது. அதில் கொண்டுபோய் நிறுத்தினால் அடுத்த தணிக்கையில் இதே குறிப்பு திரும்ப வரும்.

பில்கவுண்டர்:
டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ரெஸ்ட் வார் ஓடுகிறது, நன்றி. அதே தெம்பில் பெரிய வாரையும் மாற்றிப் போட்டேன். டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பு) கிடைக்கவில்லை என்று நின்றது. பெயருக்கு முன்னால் ஜாவா, முக்காற்புள்ளி, சாய்கோடு சேர்த்ததும் நகர்ந்தது. லாகின் ஆகிறது, பில் பட்டியல் வருகிறது. ஒரு பில்லைத் திறந்தால் மட்டும் 'லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன்'. கிளாஸ்ஃபிஷில் ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை.

பழைய கொக்கி:
இப்போதுதான் உங்கள் கேள்விக்கே வந்திருக்கிறீர்கள். இந்த சர்வர்களை ஒப்பிடும்போது எல்லோரும் வேகம், ரேம், கன்சோல் என்று பேசுகிறார்கள். உங்கள் கோடைப் பாதிப்பது, உள்ளே எந்த ஜேபிஏ இருக்கிறது என்பதுதான். கிளாஸ்ஃபிஷ், பயாரா, ஓப்பன் லிபர்ட்டி மூன்றிலும் எக்லிப்ஸ்லிங்க். வைல்ட்ஃபிளையில் ஹைபர்னேட்.

உங்கள் இஜேபி பில்லை எடுத்துத் திரைக்குக் கொடுத்ததும் டிரான்ஸாக்ஷன் முடிந்துவிடும். பில்லின் வரிகளைத் திரை அதன் பிறகுதான் கேட்கிறது. எக்லிப்ஸ்லிங்க் அப்போதும் ஓசைப்படாமல் டேட்டாபேஸுக்குப் போய் வரிகளை எடுத்துவந்து கொடுத்துவிடும். ஹைபர்னேட் 'செஷன் மூடியாயிற்று' என்று கையை விரித்துவிடும். ஹைபர்னேட் செய்வதுதான் நியாயம் என்பது என் கட்சி. எக்லிப்ஸ்லிங்க் காட்டிய தாராளத்தில், ஒரு பட்டியல் திரைக்கு வரிசைக்கு ஒன்றாக எத்தனை கொரி போகிறது என்று எஸ்கியூஎல் லாகைத் திறந்து பாருங்கள், புரியும். ரிமோட் இஜேபி வழியாக எடுத்தால் எக்லிப்ஸ்லிங்கும் இந்தச் சலுகையைத் தராது.

இதுபோல எத்தனை திரைகள்?

பில்கவுண்டர்:
கிட்டத்தட்ட எல்லாமே, சார். பில், கொள்முதல், சரக்குத் திருப்பம்... எழுதியவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை.

பழைய கொக்கி:
அப்படியானால் பெயர் மாற்றம், ஜேபிஏ மாற்றம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். ஓப்பன் லிபர்ட்டி எடுங்கள். ஐபிஎம் 2017-இல் திறமூலமாக்கியது. சர்வர் எக்ஸ்எம்எல்லில் ஜாவா இஇ 8 ஃபீச்சரைப் போட்டால், ஜாவா 17-இல் உங்கள் ஜாவாக்ஸ் கோட் அப்படியே ஓடும். எக்லிப்ஸ்லிங்க் என்பதால் பில் திரையும் திறக்கும். டேட்டாசோர்ஸ் பெயரையும் பழையபடியே வைத்துக்கொள்ளலாம். தணிக்கை முடியட்டும். பிறகு ஒவ்வொரு திரையாக, வரிகளையும் ஒரே கொரியில் எடுக்கும் ஃபெட்ச் ஜாயின் போட்டுச் சரிசெய்துகொண்டே வாருங்கள். கடைசியில் அதே சர்வரில் ஃபீச்சர் வரியை ஜகார்த்தா இஇ 10 என்று மாற்றலாம். அப்போது பிரைம்ஃபேசஸ் என்ற ஜேஎஸ்எஃப் நூலகம் இருந்தால் அதன் ஜகார்த்தா ஜாரையும் மாற்ற வேண்டும்.

ஒரு தொல்லை உண்டு. லிபர்ட்டியில் ஜேஎஸ்எஃப் மைஃபேசஸ், கிளாஸ்ஃபிஷில் மொஜாரா. சில திரைகளில் ஏஜாக்ஸ் நடத்தை வேறுபடலாம், சோதித்துப் பாருங்கள்.

தேன்சிட்டு:
டாம்இஇ ப்ளூம் என்று ஒரு சர்வர் இருக்கிறதே, மொஜாராவும் எக்லிப்ஸ்லிங்கும் சேர்த்தே வரும். கிளாஸ்ஃபிஷிலிருந்து வருகிறவர்களை நினைத்துத்தான் அதைக் கட்டினார்கள்.

பழைய கொக்கி:
நல்ல நினைவு. ஆனால் ஜாவாக்ஸுக்கு டாம்இஇ 8 வேண்டும், 9-இலிருந்து ஜகார்த்தா. பயாராவில் சொன்ன அதே சிக்கல். புதிதாக எழுதும் கோடாக இருந்தால் நான் வைல்ட்ஃபிளைதான் எடுப்பேன். ஜேபாஸ் சிஎல்ஐயில் எல்லா அமைப்பையும் ஸ்கிரிப்டாக எழுதி வைக்கும் சுகம் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பில்கவுண்டர்:
லிபர்ட்டியில் பில் திரை திறந்துவிட்டது! கோடில் ஒரு வரியும் தொடவில்லை. ஜேஎம்எஸ் மட்டும் நிற்கிறது. மெசேஜ் வரிசையில் சேர்கிறது, அதை எடுத்துக் கையாள வேண்டிய மெசேஜ் டிரிவன் பீன் எடுப்பதில்லை.

நள்ளிரவு டிப்ளாய்:
சர்வர் எக்ஸ்எம்எல்லில் பீனை வரிசையோடு இணைக்கும் ஜேஎம்எஸ் ஆக்டிவேஷன் ஸ்பெக் எழுதியிருக்கிறீர்களா? அதன் ஐடி தற்செயலான பெயராக இருக்கக் கூடாது. பயன்பாட்டின் பெயர், மாட்யூல் பெயர், பீன் பெயர், நடுவில் சாய்கோடு. தனி வாராக இருந்தால் மாட்யூலும் பீனும் போதும். அப்படியே, நேரம் வைத்து ஓடும் ஷெட்யூல் மெத்தட்கள் இருந்தால் பெர்சிஸ்டன்ட் ஃபால்ஸ் என்று போடுங்கள், இல்லாவிட்டால் டைமரைச் சேமிக்க லிபர்ட்டி ஒரு டேட்டாபேஸ் கேட்கும்.

பில்கவுண்டர்:
ஐடியில் மாட்யூல் பெயர் இல்லை. சேர்த்ததும் தேங்கிக் கிடந்த மெசேஜ் எல்லாம் இறங்கிவிட்டன. இரவு இருப்புக் கணக்கு ஷெட்யூலில்தான் ஓடுகிறது, ஃபால்ஸ் போட்டிருக்கிறேன். நாளைக் காலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.