குளியலறைக் கசிவு: அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது நியாயம்?

வணக்கம் நண்பர்களே. சென்னையில் முதல் மாடி வீடு, வாடகைதாரர் இந்த மாதம் காலி செய்கிறார். அவரே துளை போட்டு கீசர் மாட்டிய சுவருக்கு நேர் கீழே, தரைத்தளக் கூரையில் ஈரம், பூச்சு உதிர்கிறது.

தரையின் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் 24 மணி நேரம் தேக்கிப் பார்த்தாயிற்று. கீழே ஈரம் கூடவில்லை. தரை காய்ந்தபின் குழாய்களையெல்லாம் மூடி, டேங்க் வால்வை மட்டும் திறந்து வைத்தால் ஈரம் பரவுகிறது. ஆக, ஓட்டை சுவருக்குள் போகும் சிபிவிசி (பிளாஸ்டிக்) தண்ணீர் லைனில்தான். துளை பட்டதா, பழைய ஜாயின்ட் விட்டதா? அதில்தான் எல்லாமே இருக்கிறது.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்ட அட்டவணைப்படி குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. கீசர், சுவிட்ச், டேப் வாஷர் ரிப்பேர் குடியிருப்பவருடையது. துளையால் வந்த சேதம் என்றால் கணக்கு வேறு.

அவர் முன்னிலையில் டைல்ஸை உடைத்து வீடியோ எடுத்தால் போதுமா, பிளம்பரிடம் எழுத்திலும் வாங்க வேண்டுமா? அதே டைல்ஸ் இப்போது கிடைக்காது. முழுச் சுவர் செலவையும் அவர் தலையில் கட்டுவது சரியில்லை. உடைத்த 4 டைல்ஸுக்கு மட்டும் எப்படிக் கணக்கிடுவீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.