உபுண்டு 24.04 போட்ட பிறகு வைஃபை இருக்கிறது, ஆனால் இல்லை (தீர்ந்தது)

சொல்தேடி:
வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். போன சனிக்கிழமை லேப்டாப்பின் இயங்குதளமான உபுண்டுவில் 22.04-லிருந்து 24.04-க்கு மாறினேன். அன்றிலிருந்து வைஃபை படுத்துகிறது.

மேலே வைஃபை குறி முழுசாகத் தெரிகிறது, ஒரு பட்டைகூடக் குறைவதில்லை. ஆனால் நான் வேலை செய்யும் மென்பொருள் உலாவியில் ஓடுவது. ஒரு சொல்லுக்காக இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு வந்து தட்டினால் "சேமிக்க முடியவில்லை" என்று சிவப்புப் பட்டி வருகிறது. ஐந்தாறு நொடியில் தானே சரியாகிவிடும். நேற்று அப்படி இரண்டு பத்தி போயே போய்விட்டது.

அதே மேசையில் கிடக்கும் போனில் ஒரு குறையும் இல்லை. ரௌட்டர் ஹாலில், நடுவில் ஒரே ஒரு சுவர். அணைத்துப் போட்டாயிற்று, இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தாயிற்று. "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்பதைத் தவிர எதுவானாலும் சொல்லுங்கள்.

திண்ணைவாசி:
22.04-க்கு 2027 வரை ஆதரவு இருக்கிறதே, ஏன் அவசரம்? :) சரி, ஆனது ஆகட்டும். கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 22.04 வந்தபோது கர்னல் 5.15, 24.04-இல் 6.8. பழையதில் ஒழுங்காக ஓடினால் கோளாறு டிரைவரில் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) என்று ஒரே அடியில் தெரிந்துவிடும்.

சொல்தேடி:
பழைய கர்னலே இல்லை. மேம்படுத்தல் பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்து, என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துப் புதிதாகப் போட்டேன்.

எலிவால்:
அக்கா, யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் ஏதாவது பக்கத்தில் செருகியிருக்கிறதா? அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை போட்டது. புளூடூத்தும் அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள்.

சொல்தேடி:
பேக்கப் டிஸ்க் இருந்தது, கழற்றிவிட்டேன். ஹெட்ஃபோனையும் அணைத்து, 5-க்கும் மாறினேன். சிக்னல் மைனஸ் 52 காட்டுகிறது. சிவப்புப் பட்டி அப்படியேதான் வருகிறது தம்பி.

பழையகம்பி:
மைனஸ் 52 என்றால் அருமையான சிக்னல், அந்தப் பக்கம் தேட வேண்டாம். இரண்டு கேள்வி.

ஒன்று, கணினி தன் நிகழ்வுகளை எழுதி வைக்கும் ஜர்னல் பதிவில் அந்த நேரத்தில் வைஃபை துண்டிக்கப்பட்டதாக ஏதாவது வரி இருக்கிறதா? இரண்டு, பெரிய கோப்பு ஒன்றை டவுன்லோட் போட்டுவிட்டு, அது இறங்கும்போதே வேலை செய்து பாருங்கள். அப்போதும் சிவப்புப் பட்டி வருகிறதா?

அப்புறம் 192.168.1.1-க்கு, அதாவது உங்கள் ரௌட்டருக்கே, பிங் (சின்னத் தகவல் அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது) விட்டு எண்களை இங்கே போடுங்கள். வெளித் தளத்துக்கு விட்டால் இணைய நிறுவனத்தின் குறையும் கலந்து வரும்.

சொல்தேடி:
பதிவில் துண்டிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. டவுன்லோட் விஷயம் எனக்கே வேடிக்கையாக இருந்தது. கோப்பு இறங்கிக்கொண்டிருந்த இருபது நிமிடமும் ஒரு தடங்கல் இல்லை! இறங்கி முடிந்த கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆரம்பித்துவிட்டது.

பிங், சும்மா இருக்கும்போது: 3, 187, 94, 211 மில்லி நொடி, அப்புறம் மூன்று பதில் வரவே இல்லை. டவுன்லோடின்போது: 2, 3, 2, 4.

பழையகம்பி:
அப்படியென்றால் இணைப்பு அறுபடவில்லை, உங்கள் வைஃபை கார்டு தூங்குகிறது.

ரௌட்டர் நொடிக்குப் பத்து முறை போல "நான் இருக்கிறேன்" என்று ஒரு குறி அனுப்பும். அதிலேயே "உனக்குப் பொட்டலம் வந்திருக்கிறது" என்ற தகவலும் இருக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் கார்டு, குறிக்குக் குறி கண்ணயர்ந்து, தனக்கு ஏதாவது வந்திருந்தால் மட்டும் எழுந்து வாங்கிக்கொள்ளும். சில கார்டு, டிரைவர் ஜோடிகளில் இந்த எழுப்பல் பிசகும். குறியைத் தவறவிட்டால் பொட்டலம் ரௌட்டரிலேயே காத்துக் கிடக்கும். டவுன்லோட் ஓடும்போது தூங்கவே நேரமில்லை, அதனால்தான் அப்போது ஒழுங்காக இருந்தது.

முதலில் சோதனை: வைஃபையைக் கையாளும் ஐடபிள்யூ கட்டளையால் பவர் சேவ் (மின்சேமிப்பு) வசதியை ஆஃப் செய்து, மறுபடி பிங் விடுங்கள். இது தற்காலிகம்தான், வைஃபையை அணைத்துப் போட்டாலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சரியானால் நிரந்தர வழி: இடிசி-க்குள் (கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம்) நெட்வொர்க் மேனேஜர் ஃபோல்டர், அதற்குள் கான்ஃப்.டி. அங்கே டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன் என்று ஒரு கோப்பு இருக்கும். பவர்சேவ் = 3 என்று போட்டிருக்கும். 3 என்றால் தூங்கலாம், 2 என்றால் தூங்கக் கூடாது. அந்தக் கோப்பிலேயே கை வைக்காமல், அதே இரண்டு வரியை 2 என்று மாற்றி, இசட்இசட் என்று தொடங்கும் பெயரில் தனிக் கோப்பாகப் போடுங்கள். அகரவரிசையில் படிப்பதால் கடைசியில் வருவதுதான் செல்லும். பிறகு நெட்வொர்க் மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். (மன்னிக்கவும், அந்தச் சொல்லைத் தவிர்க்க முடியவில்லை.)

எலிவால்:
பேட்டரி சீக்கிரம் தீராதா?

பழையகம்பி:
கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். திரையின் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் அதை ஈடுகட்டிவிடலாம்.

சொல்தேடி:
தற்காலிகமாக அணைத்தவுடனே 2, 2, 3, 2. ஐந்து நிமிடம் விட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை. தனிக் கோப்பும் போட்டாயிற்று. காலையிலிருந்து சிவப்புப் பட்டியைப் பார்க்கவே இல்லை. மிக்க நன்றி அண்ணா.

வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோப்பைப் பத்திரப்படுத்த ஹோமில் இடம் தேடியபோது, "புது லேப்டாப்" என்ற பெயரில் 2022-இல் நானே எழுதி வைத்த குறிப்பு கிடைத்தது. மூன்றாவது வரி: "வைஃபை தூங்குது. 3-ஐ 2 ஆக்கு. மறக்காதே."

திண்ணைவாசி:
ஹோமை வைத்துக்கொண்டீர்கள், இடிசி போய்விட்டது. அதோடு 2-உம் போய்விட்டது. ஆக 24.04 மேல் பழி இல்லை. அந்தக் குறிப்பில் வேறு என்ன எழுதியிருக்கிறது?

சொல்தேடி:
நான்காவது வரி டச்பேட் பற்றியது. அதுவும் சனிக்கிழமையிலிருந்து படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு வருகிறேன்.