கூடைப்பந்துப் பயிற்சியாளர் உடற்கல்வி இயக்குநராக முடியுமா?

பீளமேடு வாசி:
கோவையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் ஆடவர் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஓய்வுபெறவிருப்பதால், அந்தப் பொறுப்பை நான் ஏற்க இயலுமா என்று நிர்வாகத்தினர் கேட்கின்றனர். என்னிடம் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் பட்டயமும் வரலாற்றில் முதுகலைப் பட்டமும் உள்ளன. அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்சியாளராக இருந்து விளையாட்டுத் துறை இயக்குநரானவர்கள் பலர் என்கிறார்கள். அவர்களுள் யாருடைய பாதை கற்கத் தக்கது? அது நம் ஊருக்குப் பொருந்துமா?

சூலூர் ரசிகர்:
சி.எம். நியூட்டனைப் பாருங்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் அடால்ஃப் ரப்பிடம் ஆடி, 1951இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர் அவர். பின்னர் டிரான்சில்வேனியா என்னும் சிறிய கல்லூரியிலும், அலபாமாவிலும், வாண்டர்பில்ட்டிலும் பயிற்சியாளராகப் பணியாற்றினார். அமெரிக்கக் கால்பந்தைத் தவிர வேறு ஆட்டத்துக்கு மதிப்பில்லாதிருந்த அலபாமாவில், 1969இல் வெண்டல் ஹட்சனைச் சேர்த்துக்கொண்டார். அங்கே விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவர் ஹட்சனே.

1989இல் கென்டக்கி அவரை இயக்குநராக அழைத்தபோது, அதன் கூடைப்பந்து அணி விதிமீறல் விசாரணையில் சிக்கிப் பெயர் கெட்டுக் கிடந்தது. அவர் அணியைத் தாமே கையில் எடுக்காமல், ரிக் பிட்டினோவைப் பயிற்சியாளராக அழைத்து வந்தார். 1996இல் தேசியப் பட்டம் கிடைத்தது. பிட்டினோ 1997இல் விலகியதும், டபி ஸ்மித்தை அந்த ஆடவர் அணியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தார். மறு ஆண்டே மீண்டும் பட்டம். நியூட்டன் தம் கையால் வென்ற ஆட்டங்களைவிட இந்த இரு நியமனங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஈரோடு, ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்:
தம்பி, நியூட்டனின் கதை நல்ல கதைதான். ஆனால் உங்கள் சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இப்பதவிக்கு உடற்கல்வியிலோ விளையாட்டு அறிவியலிலோ 55 விழுக்காட்டுடன் முதுகலைப் பட்டமும், அதற்கு மேல் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். விதிப்படி பெற்ற முனைவர் பட்டம் இருந்தால் அத்தேர்விலிருந்து விலக்கு உண்டு. வரலாற்று முதுகலை இங்கே கணக்கில் வராது, என்.ஐ.எஸ். பட்டயம் உங்களைப் பயிற்சியாளராக்குமே தவிர இயக்குநராக்காது. உடற்தகுதித் தேர்வும் உண்டு: 30 வயது வரையுள்ள ஆடவர் 12 நிமிடங்களில் 1800 மீட்டரையும், 40 வயது வரையுள்ளோர் 1500 மீட்டரையும் கடக்க வேண்டும். பயிற்சியாளரான உங்களுக்கு இது ஒரு பொருட்டல்ல என்று நம்புகிறேன்.

உடற்கல்வியில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களான பி.பி.எட்., எம்.பி.எட். படிக்க நீங்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்வியியல் கல்லூரியே இருக்கிறது.

திருப்பூர் பயிற்சியாளர்:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிர்வாகம் செலவைக் குறைக்க, "அணியையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லக்கூடும். அதற்கு இணங்க வேண்டாம் என்பது என் கருத்து. 1983இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கித்தந்த ஜிம் வால்வானோ, 1986இல் இயக்குநர் பதவியையும் சேர்த்து ஏற்றார். வீரர்கள் தங்களுக்குத் தரப்பட்ட காலணிகளையும் நுழைவுச்சீட்டுகளையும் விற்றது விசாரணையில் தெரியவந்தபோது, மேற்பார்வையிட வேண்டியவரும் பயிற்சியாளரும் ஒருவராகவே இருந்தனர். அவர் 1989இல் இயக்குநர் பதவியையும், 1990இல் அணியையும் விட்டு விலக நேர்ந்தது.

நம் கல்லூரிகளில் அவ்வளவு பணம் புரள்வதில்லை என்பது உண்மை. ஆனால் கபடி, கைப்பந்து, தடகளம் என எல்லா அணிகளுக்கும் பயணப்படியும் வருகைச் சலுகையும் கேட்டு முதல்வர் அறைக்கு நடக்க வேண்டியவர் இயக்குநர்தான். கூடைப்பந்து அணி உங்களிடமே இருந்தால், மற்ற மாணவர்கள் ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். படிப்பை முடிக்கும் வரை இப்போதைய வேலையிலேயே தொடர்ந்து, அதற்குள் உங்கள் இடத்துக்கு ஒரு பயிற்சியாளரைத் தயார்செய்யுங்கள்.