கடைப் படலையடியில் மான்

குழு: கோட்டையடி அயலவர்கள்

காலை 6:12

கடை மாமா: எல்லோரும் பாருங்கள். கடைப் படலையடியில் ஒரு புள்ளிமான் படுத்திருக்கிறது. எழும்பப் பார்க்கிறது, பின்னங்கால் மடிந்து விழுகிறது. வாயில் நுரை.

முன்வீட்டு அக்கா: ஐயோ பாவம். நேற்றுப் பின்னேரம் கடற்கரைப் பக்கம் ஒன்று கூட்டத்தோடு சேராமல் தனியே நின்றது. அதுதானோ?

ஒழுங்கைத் தம்பி: வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றட்டுமா? வாளியோடு நிற்கிறேன்.

மிருக டொக்டர் அன்ரி: ஊற்றாதே தம்பி! விழுங்க முடியாவிட்டால் தண்ணீர் சுவாசப்பைக்குள் போய்விடும். விசர் நோயாகவும் இருக்கலாம். விசர் நாய் கடித்தால் மானுக்கும் வரும்.

கடை மாமா: பொலித்தீன் தின்றிருக்காதா பிள்ளை? கோயிலுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டைச் சொப்பிங் பேக்கோடுதானே எறிகிறார்கள்.

மிருக டொக்டர் அன்ரி: அதுவும் இருக்கலாம் அண்ணை. இரைப்பையில் பொலித்தீன் அடைத்தால் தீன் எடுக்காமல் மெலிந்து இப்படித்தான் விழும். வாகனம் தட்டியிருக்கவும் கூடும். பார்த்த மாத்திரத்தில் எது என்று என்னாலும் சொல்ல முடியாது. அதனால் விசர் என்றே நினைத்துத் தள்ளி நில்லுங்கள். 1992க்கு அடியுங்கள், வனஜீவராசிகள் திணைக்களம். இடம், எப்போது கண்டது, கால் எப்படி, நுரை எப்படி என்று வடிவாகச் சொல்லுங்கள். தூர நின்று வீடியோ எடுத்து வையுங்கள்.

முன்வீட்டு அக்கா: இவர் கயிறு எடுத்துக்கொண்டு போகிறார். வளவுக்குள் கட்டினால் நாய்கள் கடிக்காதாம்.

மிருக டொக்டர் அன்ரி: கட்ட வேண்டாம் அக்கா, மறியுங்கள். மான் பயத்திலேயே சாகும். துரத்திப் பிடித்தால் தசை பழுதாகி, சிலநேரம் நாலைந்து நாள் கழித்தும் சாகும். அவரை ஒழுங்கை வாயிலில் நின்று நாய்களையும் சனத்தையும் தடுக்கச் சொல்லுங்கள். அதுதான் பெரிய உதவி.

காலை 6:31

கடை மாமா: அடித்துவிட்டேன். வருகிறார்களாம்.

ஒழுங்கைத் தம்பி: அன்ரி, ஒன்று சொல்ல வேண்டும். மாமா இங்கே செய்தி போடுவதற்கு முன்பே நான் மானின் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எச்சில் கையில் பட்டது. நேற்று மீன் வெட்டும்போது கீறின விரல்.

மிருக டொக்டர் அன்ரி: சொன்னது நல்லது. இப்போதே பைப்பைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவு. மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் ஒன்றும் பூசாதே. அப்புறம் நேரே பெரியாஸ்பத்திரி. விசர் வந்தபின் வைத்தியம் இல்லையப்பா, வருமுன் ஊசி போட்டால் தப்பலாம்.

தம்பியின் அம்மா: மான் கடிக்கவில்லையே பிள்ளை? பின்னேரம் போனால் போதாதா?

மிருக டொக்டர் அன்ரி: கடிக்கத் தேவையில்லை அக்கா, காயத்தில் எச்சில் பட்டால் போதும். காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.

காலை 8:05

கடை மாமா: வந்து, கண்ணைத் துணியால் மூடி, சத்தமில்லாமல் ஏற்றிப் போனார்கள். உயிர் இருந்தது.

காலை 10:40

ஒழுங்கைத் தம்பி: ஊசி போட்டாயிற்று. அடுத்தது மூன்றாம் நாள். அன்ரி, எங்கள் நாய் இரவு முழுக்க ஒழுங்கையில்தான் கிடந்தது.

மிருக டொக்டர் அன்ரி: கட்டி வை. நாயின் ஊசி அட்டையை எடுத்து வை, பின்னேரம் வந்து பார்க்கிறேன்.